எந்த சிலிண்டர் பேசவில்லை?
(பழைய வண்டியின் மிஸ்ஸிங்கும் ஒரு தீப்பொறியின் வரலாறும்)

மலர்க் குழுவினர் இந்த முறை வரலாற்றுப் பகுதிக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று கேட்டபோது, "நான் மெக்கானிக்கல்காரன், மன்னர்களின் ஆண்டெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்காதே" என்றேன். "உனக்குத் தெரிஞ்ச வரலாறை எழுதுப்பா, பக்கம் ஒதுக்கியாச்சு" என்றார்கள். எனக்குத் தெரிந்தது, ஸ்பார்க் பிளக்கில் தாவும் ஒரு சிறு பொறியின் வரலாறு. அதையே எழுதுகிறேன். சிவில், கம்ப்யூட்டர் சயன்ஸ் நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். போகப் போக உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

இரண்டு அல்லது நான்கு சிலிண்டர் உள்ள பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று ஓடும்போது திடீரென்று தடுமாறுகிறது. சைலன்சரில் சத்தம் மாறுகிறது, இழுவை குறைகிறது. ஒர்க்‌ஷாப் பாஷையில், வண்டி 'மிஸ்ஸிங்' அடிக்கிறது. என்ன செய்வோம்? முதலில் கார்புரேட்டரைக் கழற்றுவோம். சரியாகவில்லை என்றால் பிளக், பாயிண்ட், கண்டென்சர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றுவோம். சில நேரம் சரியாகிவிடும். ஆனால் எது கெட்டிருந்தது என்பது யாருக்கும் தெரியாது. நல்ல பழைய பாகங்கள் குப்பைக்குப் போயிருக்கும். உதிரி பாகமே கிடைக்காத வண்டிக்கு இது சாதாரண நஷ்டம் இல்லை.

ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்தக் கோளாறு எல்லா சிலிண்டருக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறதா, அல்லது ஒரு சிலிண்டருக்கு மட்டும் தனியான இடத்தில் இருக்கிறதா? எது பொது, எது தனி என்பதை வண்டிக்கு வண்டி நிர்ணயித்தது வரலாறுதான். எனவே சற்றே பின்னோக்கிப் பார்ப்போம்.

பொறி பிறந்த கதை

1860-ல் பிரான்சில் லெனுவார் செய்த வாயு எஞ்சினிலேயே மின்பொறி இருந்தது. பேட்டரியும் ருஹ்ம்கார்ஃப் காயிலும் அதற்கு உதவின. ஆனால் அது நம்பகமான ஏற்பாடு அல்ல. அதனால்தான் 1885-ல் டெய்ம்லரும் மேபாக்கும் ஓட்டிக் காட்டிய இரு சக்கர வண்டியில் மின்சாரமே கிடையாது. வெளியே ஒரு சுடர் குழாய் ஒன்றைப் பழுக்கக் காய்ச்சும். அந்தச் சூட்டில் எரிபொருள் பற்றிக்கொள்ளும். அதே காலத்தில் கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டிக்கு பேட்டரியையும் காயிலையும் நம்பினார். அன்றைய பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகும் என்பது அவருக்கு இருந்த பெரிய தலைவலி.

இதற்கு விடை ஸ்டட்கார்ட் நகரில் கிடைத்தது. ராபர்ட் பாஷ் 1886-ல் அங்கே ஒரு சிறு பட்டறை தொடங்கினார். மறு ஆண்டே நிலையான எஞ்சின்களுக்கு மேக்னெட்டோ செய்து கொடுத்தார். 1902-ல் அவரிடம் வேலை செய்த காட்லோப் ஹோனால்ட் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார். பேட்டரியே வேண்டாம், எஞ்சின் சுற்றினால் மின்சாரம் தானே பிறக்கும். அந்த பாஷ் நிறுவனத்தின் இந்தியக் கிளைதான் 1951-ல் பெங்களூரில் தொடங்கிய 'மைக்கோ'. நம் அப்பாக்கள் கடையில் "மைக்கோ பிளக் ஒண்ணு குடுங்க" என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்கியது அதைத்தான். 2008-ல் அது பாஷ் என்றே பெயர் மாறியது.

இன்னொரு கிளை அமெரிக்காவில் முளைத்தது. சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளர் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காடிலாக் கார்களுக்காக பேட்டரி இக்னிஷனைத் திருத்தி அமைத்தார். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலின் முதல் சுற்றில் மின்சாரம் ஏறும். பாயிண்ட் திறந்ததும் அது சட்டென்று அறுபடும். அந்த அதிர்ச்சியில் இரண்டாம் சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழும்பி பிளக்கில் பொறியாகத் தாவும். பாயிண்ட் திறக்கும் நொடியில் அதிலேயே தீ தாவிவிடாமல் காப்பது கண்டென்சரின் வேலை. ஒரு சொடுக்குக்கு ஒரு பொறி. எண்பது ஆண்டுகள் உலகம் முழுக்க ஓடியது இந்த ஏற்பாட்டில்தான்.

மேக்னெட்டோவுக்கும் பேட்டரிக்கும் குணம் நேர் எதிர். மேக்னெட்டோ வேகத்தில் சூரன், ஆனால் கிக்கர் உதைக்கும்போது சோம்பேறி. பேட்டரி ஸ்டார்ட்டிங்கில் சுறுசுறுப்பு, அதிவேகத்தில் காயில் நிரம்ப நேரம் போதாமல் திணறும். மிஸ்ஸிங் எந்த வேகத்தில் வருகிறது என்று அனுபவசாலிகள் முதலில் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

பங்காளிகள் பிரிந்த விதம்

ஒரு சிலிண்டர் மட்டும் இருந்தவரை பொது, தனி என்ற பேச்சே இல்லை. நம் சென்னையில் 1955 முதல் உருவான புல்லட்டில் பொறி வருகிறதா, இல்லையா என்ற ஒரே கேள்விதான். பக்கத்தில் வைத்து ஒப்பிட இன்னொரு சிலிண்டர் கிடையாது. இரண்டாவது வந்ததும் பாகப்பிரிவினை ஆரம்பமாகிறது.

1937-ல் எட்வர்ட் டர்னரின் டிரையம்ப் ஸ்பீட் ட்வின் வந்தது. 498 சி.சி., இரண்டு சிலிண்டர். அதில் ஒரே மேக்னெட்டோ, ஒரே பாயிண்ட், ஒரே கண்டென்சர். பொறியை முறை போட்டு ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம் அனுப்பும் சுழல் வளையமும் அதைத் தொடும் கார்பன் பிரஷ்களும் உண்டு. அங்கே கண்டென்சர் பழுதானால் இரண்டு சிலிண்டரும் சேர்ந்தே படுக்கும். ஒரு பக்கம் மட்டும் படுத்தால் பிரஷ், பிளக் ஒயர், பிளக் இவைதான் சந்தேகக் கைதிகள். டைமிங் ஒரு பக்கம் மட்டும் தவறினால், பாயிண்டைத் திறக்கும் கேமின் இரு மேடுகளில் ஒன்று தேய்ந்திருக்கும்.

1969-ல் ஹோண்டா சி.பி. 750 வந்து உலகையே புரட்டிப்போட்டது. 736 சி.சி., நான்கு சிலிண்டர். ஆனால் நான்கு பாயிண்ட் வைக்கவில்லை. இரண்டு பாயிண்ட், இரண்டு காயில் மட்டுமே. ஒரு காயில் 1, 4 சிலிண்டர்களுக்கு. மற்றது 2, 3-க்கு. ஒரே நேரத்தில் இரண்டு பிளக்கிலும் பொறி வரும். ஒன்றில் வேலை நடக்கும். மற்றதில் சிலிண்டர் புகையை வெளித்தள்ளும் நேரம் என்பதால் பொறி வீணாகும். சிக்கனத்துக்குச் செய்த வீண்செலவு என்று சொல்லலாம்! இங்கே 1-ம் 4-ம் சேர்ந்து படுத்தால் அவற்றின் பாயிண்ட், கண்டென்சர், காயில் இவற்றைப் பார்க்க வேண்டும். 1 மட்டும் படுத்தால் அதன் பிளக், பிளக் கேப், ஒயர். ஒரு நுணுக்கமும் உண்டு. காயிலின் மின்சாரம் ஒரு பிளக் வழியே எஞ்சினின் தலைக்கு வந்து, மறு பிளக் வழியே திரும்புகிறது. ஆகவே 1-ன் ஒயர் உள்ளே அறுந்தால் குற்றமே செய்யாத 4-ம் சேர்ந்து தடுமாறலாம். கூட்டுக் குடும்பத்தில் நடப்பதுதான்.

அதே 1969-ல் வந்த கவாசாகி எச்1 வேறு வழியில் போனது. மூன்று சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 498 சி.சி. பாயிண்டைத் தூக்கிவிட்டு எலெக்ட்ரானிக் சி.டி.ஐ. வைத்தார்கள். பொறியை மூன்று சிலிண்டருக்கும் பங்கிட டிஸ்ட்ரிபியூட்டர். தேயும் பாகம் குறைந்தது. ஆனால் ஏறக்குறைய எல்லாமே பொதுவாகிவிட்டதால், பெட்டி போனால் மூன்றும் போச்சு.

நம் நாட்டு இரட்டையன்

இனி நம் தெருவுக்கு வருவோம். ஜப்பானில் 1973-ல் வெளிவந்த யமஹா ஆர்.டி. 350-ஐ அடிப்படையாகக் கொண்டு, எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் அந்தப் பத்தாண்டின் இறுதி வரை தயாரித்ததுதான் ராஜ்தூத் 350. 347 சி.சி., இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். எண்பதுகளில் படித்த சீனியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெட்ரோல் செலவை நினைத்துப் பெருமூச்சு விட்டவர்களும், ஒரு தடவையாவது ஓட்டிப் பார்க்க ஏங்கியவர்களும் உங்களில் இருப்பீர்கள்.

இக்னிஷனைப் பொறுத்தவரை இந்த வண்டி சகோதரர்கள் முழுசாகப் பாகம் பிரித்துக்கொண்ட வீடு. இடது சிலிண்டருக்குத் தனி பாயிண்ட், தனி கண்டென்சர், தனி காயில், தனி பிளக். வலதுக்கும் அப்படியே. பொதுவானவை பேட்டரி, சாவி ஸ்விட்ச், அங்கிருந்து வரும் ஒயர், பாயிண்ட்களைத் திறக்கும் கேம் இவ்வளவுதான். இரண்டு முழுமையான இக்னிஷன்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நல்லது எப்படி இருக்கும் என்பதற்குச் சாட்சி வண்டியிலேயே உண்டு. இதைவிட வசதியான சோதனைச் சாலை நம் கல்லூரி ஆட்டோ லேபில்கூடக் கிடையாது.

என் சித்தப்பா 1986-ல் வாங்கிய அப்படி ஒரு வண்டி, என்னைவிட மூத்தது, இப்போது என்னிடம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அதில் ஒரு விசித்திரமான மிஸ்ஸிங். காலையில் ஸ்டார்ட் செய்தால் சமர்த்தாக ஓடும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனதும் வலது பக்கம் மௌனமாகிவிடும். அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் மறுபடி பேசும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் கார்புரேட்டரை இரண்டு தடவை கழற்றிக் கழுவி, ஜெட்டையும் மாற்றினார்கள். பலனில்லை. "சார், இந்த வண்டியைத் தள்ளிவிட்டுடுங்க" என்று அறிவுரை வேறு.

பிறகு எங்கள் பகுதியில் எண்பதுகளிலிருந்து இதே வண்டிகளைப் பார்த்துவரும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. "தம்பி, இதுக்கு ரெண்டு வாய். ஒரு வாய் பேசல. சூடானாத்தான் பேசலங்கிற. அப்ப சூட்டோடதான் பாக்கணும். நாளைக்கு ஓட்டிக்கிட்டு வா" என்றார்.

மறுநாள் போனேன். அணைந்த உடனே பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்து உதைத்தால் பொறி வந்தது. "பாத்தியா அண்ணே, கரண்ட் வருதே" என்றேன். "வெளிய வரும் தம்பி, உள்ள வராது" என்றார். அவர் அனுபவத்தில் சொன்னதற்குப் பின்னால் பௌதிகம் இருக்கிறது. வாயுவின் அழுத்தம் கூடக் கூட, அதே இடைவெளியைத் தாவ அதிக வோல்ட் வேண்டும் என்று பாஷன் 1889-லேயே காட்டிவிட்டார். வெளிக்காற்றில் பலவீனமான காயில்கூடப் பொறி காட்டும். அமுக்கப்பட்ட கலவைக்குள் அதற்குத் தெம்பு இருக்காது. எனவே பிளக்கை மட்டும் பார்த்து நல்ல சர்டிஃபிகேட் கொடுக்கக் கூடாது. பிளக் ஒயர் முனையிலிருந்து 6, 7 மி.மீ. இடைவெளியைப் பொறி தாவுகிறதா என்று பார்ப்பதே மேல்.

பிறகு அவர் செய்தது ஒரே வேலை. டேங்கைத் தூக்கி, இரண்டு காயிலையும் குறுக்காக மாற்றினார். பாயிண்டிலிருந்து வரும் ஒயரையும், பிளக்குக்குப் போகும் ஒயரையும் இடம் மாற்றி, இடது காயிலை வலதுக்கும் வலது காயிலை இடதுக்கும் வேலை செய்ய வைத்தார். "போய்ட்டு வா." போனேன். சரியாகப் பன்னிரண்டாவது கிலோமீட்டரில் இடது பக்கம் அணைந்தது. வலது பாடிக்கொண்டே வந்தது. கோளாறு காயிலோடு சேர்ந்து வீடு மாறிவிட்டது! மல்டிமீட்டரில் ஆறிய நிலையில் இரண்டு காயிலும் ஒரே அளவுதான் காட்டின. சூட்டில் விரிந்தால் மட்டும் உள்ளே எங்கோ விலகும் கம்பியை, குளிர்ந்த மேஜை மேல் மீட்டர் எப்படிக் கண்டுபிடிக்கும்? புதுப்பேட்டைச் சந்துகளில் ஒரு நாள் அலைந்து பொருத்தமான காயில் வாங்கிப் போட்டோம். அதன் பிறகு இன்றுவரை அந்த மிஸ்ஸிங் இல்லை.

செய்முறைப் பாடம்

இந்த வகை வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்காக அந்த ஒழுங்கை எழுதி வைக்கிறேன்.

முதலாவது, எந்த சிலிண்டர்? சைலன்சர் குழாய்கள் சிலிண்டரை விட்டு வெளிவரும் இடத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். வேலை செய்யும் பக்கம் 'சுர்'ரென்று ஆவியாகும். படுத்த பக்கம் சும்மா வழியும். ஓடும்போது பிளக் கேப்பைப் பிடுங்கிப் பார்க்கும் வழக்கம் வேண்டாம். போக வழியில்லாத வோல்ட் காயிலுக்குள்ளேயே தாவி அதைக் கெடுக்கும். உங்களையும் ஒரு உதை உதைக்கும்.

இரண்டாவது, எப்போது? சூட்டில் என்றால் காயில் அல்லது கண்டென்சர். மழையில் என்றால் பிளக் கேப், ஒயர். அதிவேகத்தில் மட்டும் என்றால் பாயிண்டின் ஸ்பிரிங் தளர்ச்சி, பிளக் இடைவெளி அகலம். நிமிடத்துக்கு 7000 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.6 மில்லி செகண்ட்தான். அதற்குள் பாயிண்ட் திறந்து மூடி, காயில் நிரம்ப வேண்டும். ஹெட்லைட் போட்டால் இரண்டு பக்கமும் தடுமாறினால் பேட்டரி, ஸ்விட்ச் என்று பொது இடத்துக்குப் போங்கள். ஆனால் டூ ஸ்ட்ரோக் வண்டி மெதுவாக, லேசான திராட்டிலில் போகும்போது விட்டு விட்டு வெடிப்பது அதன் இயல்பு. அதை நோயாக நினைத்து வைத்தியம் பார்க்க வேண்டாம்.

மூன்றாவது, இடம் மாற்று. ஒரு நேரத்தில் ஒரு பொருள் மட்டும். முதலில் பிளக், பிறகு கேப், பிறகு காயில். கோளாறு கூடவே போனால் அதுதான் குற்றவாளி. போகாமல் அதே சிலிண்டரில் நின்றால் பாயிண்ட், கண்டென்சர், டைமிங். அதுவும் இல்லையென்றால்தான் கார்புரேட்டர், கிராங்க் சீல் பக்கம் போக வேண்டும்.

நான்காவது, அள. பேட்டரியில் எத்தனை வோல்ட், காயில் முனையில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். பழைய ஸ்விட்சிலும் ஒயரிலும் ஒரு வோல்ட் காணாமல் போவது சகஜம். 12 வோல்ட் 11 ஆனால் காயிலில் தேங்கும் சக்தி மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறைந்து, சுமார் 16 சதவீதம் போய்விடும்.

ஐந்தாவது, டைமிங். முதலில் பாயிண்ட் இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. அதன் பிறகே டைமிங். ஏனெனில் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். பிஸ்டன் உச்சிக்கு 2 மி.மீ. முன்பாகப் பாயிண்ட் திறக்க வேண்டும். இதை இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனியாக டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். பாகம் பிரித்த வீட்டில் இருக்கும் ஆபத்து இது. ஒரு பக்கம் சரியாக இருக்க, மறுபக்கம் மட்டும் முன்கூட்டியே வெடிக்கலாம். அப்படி ஓட்டிக்கொண்டே இருந்தால் அந்தப் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். மிஸ்ஸிங்கை அலட்சியப்படுத்துபவர்கள் கடைசியில் கொடுக்கும் விலை அதுதான். வேகமாகப் போகும்போது பிஸ்டன் பிடித்துக்கொண்டால் விலை எஞ்சினோடு நிற்காது.

கம்ப்யூட்டரும் அதையே செய்கிறது

"இதெல்லாம் பழைய கதை அண்ணா, இப்ப ஸ்கேனர் மாட்டினா அதுவே சொல்லிடும்" என்று இன்றைய மாணவர்கள் நினைக்கலாம். நியாயம்தான். அமெரிக்காவில் 1996 முதல் கார்களில் ஓ.பி.டி. இரண்டாம் நிலை கட்டாயமானது. கிராங்க் சுழலும் வேகத்தில் வரும் சிறு தள்ளாட்டத்தைக் கணக்கிட்டு, எந்த சிலிண்டர் வெடிக்கவில்லை என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கிறது. பி 0301 என்றால் முதல் சிலிண்டர்; பி 0302 என்றால் இரண்டாவது. தண்ணீர் தெளித்து நாங்கள் செய்ததை அது சென்சாரால் செய்கிறது. கம்ப்யூட்டர் சயன்ஸ் நண்பர்களே, உங்கள் வேலை இங்கேதான்.

ஆனால் ஏன் வெடிக்கவில்லை என்று அந்த எண் சொல்லாது. சிலிண்டருக்கு ஒரு காயில் வைத்த காரில் அடுத்து என்ன செய்வார்கள் தெரியுமா? முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதில் மாட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். எண் 0301-லிருந்து 0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. அந்த மெக்கானிக் அண்ணன் எந்த ஸ்கேனரும் இல்லாமல் செய்த அதே இடம் மாற்றும் வேலை. கருவி மாறியிருக்கிறது, யோசனை மாறவில்லை. 2018-ல் நம் சென்னை ராயல் என்ஃபீல்டு கொண்டுவந்த 650 சி.சி. இரட்டை சிலிண்டர் வண்டிகளிலும், சர்வர் அறையில் நிற்கும் இயந்திரங்களிலும், கோளாறு பொதுவிலா தனியிலா என்ற கேள்வியில் தொடங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எனக்கு இருக்கும் கவலை ஒன்றுதான். இந்த வண்டிகளைச் சூட்டோடு சூடாகக் கேட்டே நோய் சொன்ன அண்ணன்கள் ஒவ்வொருவராகக் கடையை மூடுகிறார்கள். அவர்கள் கற்றது எந்தப் புத்தகத்திலும் அச்சாகவில்லை. ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய இரட்டை சிலிண்டர் வண்டியை மூடி வைத்திருக்கும் சீனியர்கள் பருவத்துக்கு ஒரு சனிக்கிழமை அதை நம் லேபுக்கு அனுப்புங்கள். மாணவர்களே, உங்கள் ஊரில் அப்படி ஒரு மெக்கானிக் இருந்தால் அவரையும் கூப்பிடுங்கள்; அவர் சொல்வதை நோட்டில் எழுதுங்கள். டீயும் போக்குவரத்துச் செலவும் எங்கள் பேட்ச் ஏற்றுக்கொள்ளும். முதல் வண்டியாக என் சித்தப்பாவின் ராஜ்தூத்தை அனுப்பத் தயாராக இருக்கிறேன். தேதியை மட்டும் துறைத் தலைவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.